கலைச்சொல்: கதவைத் திறக்கும் கார்க் கண்ணாடிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காரின் உட்புறக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஷெட் கதவைத் திறக்கும் பொத்தான்கள் உள்ள கண்ணாடியைப் பொருத்தும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி, அந்தக் கருவிக்குப் பெயர் கேட்டிருந்தார். கோவை ஐயா ‘இல்லத்தொடர்பி’ என்று எழுதினார். சென்னையிலிருந்து எழுதும் அம்மா ‘ஊர்திக்கொட்டில் கதவுக் கட்டுப்பாட்டுப் பின்னோக்காடி’ என்றார். இருவர் மீதும் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இரண்டு சொற்களையும் ஏற்க மனம் வரவில்லை. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். கோத்தகிரியில் இருப்பவனுக்கு இந்தக் கருவி ஆடம்பரம் இல்லை என்பதால் பெயரும் சரியாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சாலை ஒரு மட்டத்தில் ஓடும். வீடு அதற்குக் கீழேயோ மேலேயோ இருக்கும். வண்டி நிற்கும் ஷெட் சாலையோரத்தில், பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். இரவில் வந்து சேர்ந்தால் கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, இறங்கிக் குனிந்து ஷட்டரைத் தூக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும் பிடித்துக்கொண்டால் அதற்குள் தொப்பலாக நனைந்துவிடுவோம். மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே கரடி நடமாட்டம் உண்டு. காட்டுமாடும் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறி வரும். மூடுபனியில் முகப்பு விளக்கின் வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகாத நேரத்தில், முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பதை யாரும் விரும்புவதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கதவு திறந்தால் அதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

இனி, சொல்லுக்கு வருகிறேன்.

‘இல்லத்தொடர்பி’ என்பது, இந்த வகைப் பொத்தான்கள் விற்கப்படும் ‘ஹோம்லிங்க்’ என்ற வணிகப் பெயரின் நேர் பெயர்ப்பு. அமெரிக்காவின் ஜென்டெக்ஸ் நிறுவனம் 2013இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸிடமிருந்து வாங்கிய வணிகப் பெயர் அது. ஒரு நிறுவனம் விற்பனைக்காகச் சூட்டிய பெயரை நாம் மொழிபெயர்த்துப் பொதுச்சொல்லாக ஆக்க வேண்டிய தேவை இல்லை. நாளைக்கு வேறொரு நிறுவனம் இதே வேலையைச் செய்யும் கண்ணாடியை வேறு பெயரில் விற்கும். அப்போது இந்தச் சொல் எதைக் குறிக்கும்? தவிர, ‘இல்லத்தொடர்பி’ என்று கேட்டவுடன் வீட்டுத் தொலைபேசிதான் நினைவுக்கு வருகிறது. நிறுவனப் பெயரை ‘ஹோம்லிங்க்’ என்றே எழுதுவோம். கருவிக்கு அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவோம்.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் அடிவிளிம்பில் மூன்று பொத்தான்களும் ஒரு சிறு விளக்கும் இருக்கும். ஷெட் ரிமோட்டைக் கண்ணாடிக்கு இரண்டு, மூன்று அங்குலத் தொலைவில் பிடித்துக்கொண்டு, ரிமோட்டின் பொத்தானையும் கண்ணாடியின் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், மெதுவாகச் சிமிட்டும் விளக்கு விறுவிறுவென்று சிமிட்டத் தொடங்கும். கண்ணாடி அந்த ரிமோட்டின் அலையைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பழைய வகை ரிமோட் என்றால் வேலை அத்துடன் முடிந்தது. புதிய வகைகளில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ரிமோட் அனுப்பும் குறி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முறை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவன் மறுமுறை அதையே அனுப்பிக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த வகையில், கதவின் மோட்டாரில் உள்ள சிறு பொத்தானையும் அழுத்திவிட்டு, ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் வண்டிக்குத் திரும்பிக் கண்ணாடிப் பொத்தானை இரண்டு, மூன்று முறை அழுத்த வேண்டும். அப்போதுதான் மோட்டார் இந்தக் கண்ணாடியைத் தன் ஆளாக ஏற்றுக்கொள்ளும். உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. சரிவில் நிற்கும் வண்டிக்கும் உயரத்தில் இருக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓட வேண்டியிருக்காது.

இங்கேயே இரண்டு துணைச்சொற்கள் கிடைக்கின்றன. மாறிக்கொண்டே இருக்கும் குறியை ‘உருளும் குறியீடு’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். எதுவும் உருளவில்லை, மாறுகிறது. ‘மாறுகுறி’ என்றால் போதும். மாறாததை ‘நிலைக்குறி’ என்போம். மோட்டாரில் உள்ள பொத்தானைக் ‘கற்றல் பொத்தான்’ என்பதைவிடப் ‘பழக்கு பொத்தான்’ என்பது எனக்குப் பிடிக்கிறது. ஒருவரை இன்னொருவருக்குப் பழக்குவது என்பது நாம் அன்றாடம் சொல்வதுதானே.

அம்மா தந்த நெடுஞ்சொல்லில் எனக்கு உள்ள பெரிய தயக்கம் ‘கட்டுப்பாடு’ என்ற பகுதியில்தான். கண்ணாடி கதவைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு குறியை அனுப்புகிறது, அவ்வளவே. சில புதிய வகைகளைத் தவிர மற்றவற்றில், கதவு திறந்ததா, பாதியில் நின்றதா, கீழே யாரேனும் நிற்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. தடை பட்டால் நின்று மேலே திரும்பும் ஏற்பாடு கதவின் மோட்டாரில் இருக்க வேண்டும். அது இல்லாத கதவுகளுக்கு, குறிப்பாக 1982 ஏப்ரல் 1க்கு முன் செய்யப்பட்ட மோட்டார்களுக்கு, இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஹோம்லிங்க் கையேடே எச்சரிக்கிறது. நம் ஊரில் இரும்பு ஷட்டருக்கு மோட்டார் வைத்தவர்களில் இந்தத் தடை உணரியை வைக்காதவர்களும் உண்டு. கண்ணாடியின் பெயரிலேயே ‘கட்டுப்பாடு’ என்று எழுதிவிட்டால், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடுகள் இருக்கின்றன. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘கராஜ்’ என்றே எழுதலாமே என்று கேட்டிருந்த நண்பருக்கும் ஒரு சொல். இலங்கைத் தமிழில் கராஜ் என்றால் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. ‘கராஜ் கதவு’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் பட்டறைக் கதவு என்றே படிப்பார். ‘கார் ஷெட்’ இங்கே எல்லோருக்கும் தெரியும். நூல்நடை வேண்டுவோர் ‘வண்டிக்கொட்டகை’ என்று எழுதலாம்.

என் பரிந்துரை இதுதான். கதவை அசைக்கும் மோட்டாருக்குக் ‘கதவியக்கி’ என்று பெயர். அதற்குக் குறி அனுப்பும் எந்தக் கருவியும், கையில் இருந்தாலும் கண்ணாடியில் இருந்தாலும், ‘திறவி’. திறவுகோலும் தானாகக் கதவைத் தள்ளுவதில்லை. பூட்டுக்கு இசைவு தருகிறது. திறவியும் அதே அளவுக்குத்தான் உரிமை கொண்டாடுகிறது. பொத்தான்கள் உள்ள கண்ணாடி ‘திறவிக் கண்ணாடி’. ‘திறவியாடி’ என்று சுருக்கலாமா என்று நானும் யோசித்தேன். ‘ஆடி’ இயற்பியல் பாடத்தில் குழியாடி, குவியாடி என்று நன்றாகவே வாழ்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்து மெக்கானிக் கண்ணாடி என்றுதான் சொல்வார். அவர் வாயில் நுழைகிற சொல்லே நிற்கும்.

பின்புறம் காட்டும் கண்ணாடிகள் மூன்று இருப்பதால், நடுவில் உள்ளதை ‘உட்கண்ணாடி’ என்றே சொல்லலாம். இது தட்டைக் கண்ணாடி, தொலைவை உள்ளபடி காட்டும். வெளிக்கண்ணாடி பெரும்பாலும் குவியாடி, பின்னால் வருவதைச் சிறிதாக்கிக் காட்டும். மலைப்பாதையில் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

தம்பியின் கட்டுரைக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். இப்படி மாற்றிப் பொருத்தும் கண்ணாடிகள் பலவும் பின்வண்டியின் வெளிச்சம் பட்டால் தாமாகவே மங்கும் வகை. பழைய உட்கண்ணாடியில் அடியில் உள்ள பிடியை நாமே தட்டிவிடுவோம். கண்ணாடி ஆப்பு வடிவில் இருப்பதால், கோணம் மாறியதும் அதன் முன்பரப்பு திருப்பி அனுப்பும் சிறிதளவு ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். புதியதில் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள கூழ், மின்னழுத்தம் பட்டதும் கறுக்கிறது. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு ஒளி உணரிகள் உண்டு. சுற்றிலும் இருட்டு, பின்னால் மட்டும் வெளிச்சம் என்றால் மங்க வேண்டிய நேரம் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறும்போது, பின்னால் ஒருவர் முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் இதன் உதவி புரியும். இதைத் ‘தானியங்கி ஒளிமங்கு கண்ணாடி’ என்று யாரும் எழுத வேண்டாம். கண் கூசும் என்கிறோம். கூசாமல் காப்பது ‘கூசாக் கண்ணாடி’. இரண்டு வேலையும் செய்வதைக் ‘கூசாத் திறவிக் கண்ணாடி’ என்று சேர்த்தும் சொல்லலாம்.

பொருத்தும் பகுதியில் தம்பி கவனிக்க வேண்டியவை இரண்டு. ரிவர்ஸ் விளக்கிலிருந்து வரும் ஒயரைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கண்ணாடி தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒயர். சரிவில் பின்னோக்கி ஷெட்டுக்குள் நுழையும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கட்டாயம். அடுத்து, முன்தூணின் (முன்கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூண்) உறைக்குள் ஒயரைக் கொண்டுவரும்போது, திரைக் காற்றுப்பை (மோதலின்போது பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல் விரியும் பை) இருக்கும் வண்டிகளில் அதன் பின்புறமாகவே கொண்டுவர வேண்டும். பை விரியும் வழியில் ஒயர் குறுக்கே கிடக்கக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கண்ணாடி வரவழைப்போருக்காக ஒரு வரி: அமெரிக்க ரிமோட்டுகளில் பல 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், இங்கே உரிமம் இன்றிப் பயன்படுத்த விடப்பட்டுள்ள அலைவரிசைகளில் ஒன்று 433-434. வாங்கும் திறவிக் கண்ணாடி தங்கள் ரிமோட்டின் அலைவரிசையையும் குறியையும் பிடிக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐயாவும் அம்மாவும் மறுப்பு இருந்தால் எழுத வேண்டும். ‘திறவி’ என்ற சொல்லை வேறு துறையில் வேறு பொருளில் யாரேனும் ஆண்டிருந்தால் அதையும் தெரிவியுங்கள். மோதல் இருந்தால் ‘கதவுத்திறவி’ என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஒப்புதல் இருந்தால் விக்சனரியில் நானே பதிகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து