மகள் சாஃப்ட்பால் பிட்ச்சர். பந்து மட்டும் பிளேட்டுக்கு வர மாட்டேன் என்கிறது

கேள்வி:

போன ஆகஸ்டில்தான் திருச்சியிலிருந்து டல்லாஸ் பக்கம் வந்தோம். மகளுக்கு 10 வயது. பள்ளித் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டுபோய், பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடுகிற ரெக் லீக் சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) சேர்த்துவிட்டாள். கை நீளமாக இருக்கிறது என்று பிட்ச்சர், அதாவது பந்து போடுகிறவள், ஆக்கிவிட்டார்கள். வேகம் இருக்கிறது, ஆனால் பந்து எங்கெங்கோ போகிறது. சனிக்கிழமை வரிசையாக 4 பேருக்கு வாக் (பந்து வெளியே வெளியே போய், அடிக்காமலே முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்துவிட்டு, வீடு வரும்வரை காரில் அழுதாள். நான் காலேஜ் டீமில் மீடியம் பேஸ் போட்டவன். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வேலையாக, நீங்கள் சொல்லிக்கொடுப்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள். என் வீட்டுக்காரரும் கிரிக்கெட்காரர்தான். அவர் சொன்னதைக் கேட்டு எங்கள் பெண் ஒரு சீசன் முழுக்கத் தடுமாறினாள். கிரிக்கெட்டில் பந்தை விட்டதும் முதுகை வளைத்து முன்னால் பாய்வோம் இல்லையா? கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழ்க்கையில் போடுகிற இந்த விண்ட்மில் பிட்ச்சிங்கில் அதுதான் பெரிய தப்பு. இங்கே முன்கால் பிரேக் பிடித்த மாதிரி ஊன்றி நிற்க வேண்டும், உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். குழந்தை கும்பிடு போடுகிற மாதிரி குனிந்தால், பந்தை விடுகிற இடம் ஒவ்வொரு தடவையும் மாறிப்போகும்.

ஆனால் உங்கள் கிரிக்கெட் மூளைக்கு ஒரு உபயோகம் இருக்கிறது. லைன் அண்ட் லெங்த் என்று சொல்வோமே, அதையே இங்கேயும் கொண்டுவாருங்கள். பந்து மேலே, கீழே போனால் அது லெங்த் கோளாறு: கையைவிட்டு எப்போது போகிறது என்ற நேரக் கணக்கு. சீக்கிரம் விட்டால் தரையில் குத்தும், தாமதமாக விட்டால் அம்பயர் தலைக்கு மேல் போகும். இடது, வலது போனால் அது லைன் கோளாறு: கால் வைக்கிற இடமோ கை சுற்றுகிற பாதையோ கோணல். இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்தாக "ஸ்ட்ரைக் போடு, ஸ்ட்ரைக் போடு" என்று வேலிக்கு வெளியே நின்று கத்துகிறோம். பந்து ஸ்ட்ரைக்காக விழவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அதனால் ஒரு நோட்டு எடுங்கள். அடிக்கிறவள் பக்கத்தில் தரையில் இருக்கிற ஹோம் பிளேட் 17 அங்குல அகலம். உயரம் அடிக்கிறவளின் அக்குளிலிருந்து முழங்கால்வரை. இதற்குள் வந்தால்தான் ஸ்ட்ரைக். அப்படி ஒரு கட்டம் வரைந்து, அவள் போடுகிற 30 பந்தும் எங்கே வந்தது என்று புள்ளி வையுங்கள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். எங்கள் பெண்ணுக்கு நான் அப்படிச் செய்த அன்று 19 புள்ளி கட்டத்துக்கு மேலே விழுந்திருந்தது, ஓரத்தில் நாலைந்துதான். அதுவரை அவளுடைய கோச் காலைத் திருத்து, காலைத் திருத்து என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கோளாறு காலில் இல்லவே இல்லை.

லெங்த் சரிசெய்ய எங்களுக்குக் கைகொடுத்தது இடுப்பு. கை மேலிருந்து சுற்றி இறங்கி வரும்போது முன்கையின் உள்பக்கம் இடுப்பை லேசாக உரசும். பந்து போக வேண்டிய கணம் அதுதான். 6, 7 அடி தள்ளி வலைக்கு முன்னால் நிற்கவைத்து, சுற்றாமல் அந்த உரசலையும் மணிக்கட்டு ஒடிப்பையும் மட்டும் 20 தடவை செய்யச் சொல்லுங்கள். பந்தைச் சுற்றி மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொடுங்கள். மணிக்கட்டு நேராக இருந்தால் கோடு அசையாமல் ஓடும். திரும்பிவிட்டால் பம்பரம் தள்ளாடுகிற மாதிரி தெரியும். இதை நீங்கள் சொல்லவே வேண்டாம், அவளே பார்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அந்தக் கோடு செய்த வேலையில் பாதிகூட நான் செய்யவில்லை.

லைனுக்கு சாக்பீஸ் போதும். டிரைவ்வேயில், நிற்கிற இடத்திலிருந்து பிளேட்வரை ஒரு நேர்கோடு இழுங்கள். முன்கால் அந்தக் கோட்டின் மேல் இறங்க வேண்டும், பாதம் கொஞ்சம் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரி. வலது கைக்காரி கோட்டைத் தாண்டி வலப்பக்கம் கால் வைத்தால் அவள் இடுப்பே அவளுக்குக் குறுக்கே வந்து நிற்கும்; கை அதைச் சுற்றிக்கொண்டு போகும், பந்தும் போகும். ஷூவின் அடியில் சாக்பீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகள் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். பார்க்கட்டும்.

தூரம். 10 வயதுப் பிரிவில் 35 அடி. ஆனால் வீட்டில் 20 அடியில் ஆரம்பியுங்கள். 10-க்கு 7 கட்டத்துக்குள் வந்தால் ஐந்தடி பின்னால் போகலாம், இது எங்கள் வீட்டுக் கணக்கு. குறி பார்ப்பதற்காகக் கையை மெதுவாகச் சுற்ற மட்டும் விடாதீர்கள். வாக் பயத்தில் எல்லாக் குழந்தைகளும் செய்வது அதுதான். கை தளர்ந்தால் பந்து மிதக்கும், விடுகிற நேரமும் கெடும். வேகமாகச் சுற்றட்டும், தூரத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று இப்போதே சொல்லிவைக்கிறேன். அடுத்த பிரிவுக்குப் போகும்போது தூரம் 40 அடியாகும், பந்தும் 11 அங்குலத்திலிருந்து 12 அங்குலச் சுற்றளவாகும். இரண்டும் ஒரே நேரத்தில் மாறுவதால் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பெண்களே ஒரு சீசன் திண்டாடுவார்கள். அப்போது பயந்து கோச்சை மாற்றாதீர்கள். அதற்கப்புறம் 14 வயதுப் பிரிவிலிருந்து கல்லூரிவரை 43 அடிதான்.

கீழ்க்கையில்தானே போடுகிறாள், கை வலிக்காது என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சொல்வார்கள். நம்பாதீர்கள். தோளின் முன்பக்கத் தசைநாருக்கு நல்ல பளு விழும். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 50, 60 பந்து, அதோடு சரி. தோள் முன்னால் வலிக்கிறது என்றால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும்.

சாமான் வாங்குவதில் முகக் கவசத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். 35 அடியில் அடிபட்டுத் திரும்புகிற பந்தைப் பார்த்து விலக நேரம் இருக்காது. கிளவ்வும் ஷூவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சின்னதாகிப்போனதை வாங்கிக்கொள்ளலாம். பெயின்ட் வாளி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாளியும் தேவை. பந்து போட அல்ல, கவிழ்த்து நீங்கள் உட்கார! இங்கே பிட்ச்சர் பெற்றோரை அந்த வாளியை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

மே கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் கல்லூரிப் பெண்களுக்கான உலகத் தொடர் நடக்கும். நம் பக்கத்திலிருந்து காரில் 3 மணி நேரம்தான். 2028 ஒலிம்பிக் சாஃப்ட்பாலும் அங்கேதான். போக முடியாவிட்டால் டிவியில் அவளோடு உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு பிட்ச்சரின் இடுப்பை மட்டும் பாருங்கள்.

காரில் அழுததற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம், வீடு வரும்வரை ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதுதான். போகிற வழியில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டுப் போங்கள்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, நோட்டு போட்டுப் பார்த்தேன். 30-ல் 16 கீழே, தரையில் குத்தி வந்தது. மேலே மூன்றுதான். இடது வலது பரவாயில்லை. என் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் நீலம் பாரித்திருக்கிறது.

பதில்:

அப்படியென்றால் சாக்பீஸை உள்ளே வையுங்கள், இப்போதைக்குத் தேவையில்லை. சீக்கிரம் விடுகிறாள், பெரும்பாலும் குனிந்துகொண்டு. பக்கவாட்டிலிருந்து போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து அவளுக்கே காட்டுங்கள். பந்து போகும்போது தலை முன்கால் முட்டியைத் தாண்டி நிற்கும், பாருங்கள். இரண்டு வாரம் இடுப்பு உரசல் மட்டும் செய்துவிட்டு மறுபடி 30 புள்ளி வையுங்கள். அப்புறம், கேட்ச்சர் போடுகிற ஷின் கார்டு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவர் சைஸில். நான் அதை வாங்க நாலு மாசம் யோசித்தேன்.