மீன் கழிவில் மருந்தாம், அதுவும் 70 சதவீதமாம்!

பழைய லேப்காரன்:
ரெண்டு நாளா எந்தக் குழுவைத் திறந்தாலும் இதே பதிவு. "பதனிடும் ஆலைக்குப் போகும் மீனில் 70 சதவீதம் குப்பைக்குப் போகிறது, அந்தக் குப்பையில் ரத்த அழுத்தம், மூட்டுவலி, தோல் சுருக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது." இங்கேயும் நம்ம நீலத்திமிங்கலம் மூணு நெருப்பு எமோஜியோட அதை ஒட்டிட்டுப் போயிருக்கார். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த 70 எங்கிருந்து வந்தது? யார் தராசில் வெச்சுப் பார்த்தது? காட் என்கிற குளிர்கடல் மீனைத் தலை, தோல், முள் நீக்கித் துண்டம் போட்டா பாதிக்கு மேல போகும், ஒத்துக்கறேன். நெத்திலியில என்ன போகும்? ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேப்ல காலம் தள்ளினவன்கிட்ட இந்தக் கதையெல்லாம் வேண்டாம்.

நீலத்திமிங்கலம்:
வந்துட்டாரு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே கழிவு 70 சதவீதம் வரை போகலாம்னு எழுதியிருக்கு. அவங்களுக்கும் தராசு வாங்கிக் கொடுங்க சார்.

பழைய லேப்காரன்:
"வரை" எங்கே போச்சு உங்க பதிவுல? அதிகபட்சத்தைத் தூக்கிச் சராசரி இடத்துல உட்கார வெச்சிருக்கீங்க. அப்புறம் "குப்பைக்குப் போகிறது" வேற. 2020 கணக்குப்படி உலக மீன் எண்ணெயில் 48 சதவீதமும் மீன் மாவில் 27 சதவீதமும் இந்தத் தலை, குடல், முள்ளிலிருந்துதான் வந்தது. அதுவும் அதே ஐ.நா. அமைப்பு சொன்னதுதான். ஒரு பக்கம் படிச்சவர் அடுத்த பக்கத்தையும் திருப்பியிருக்கலாம்.

மாத்திரை:
சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். மீன் கழிவிலிருந்து மருந்து வருதுங்கறது புதுசே இல்லை. புரோட்டமின்னு ஒரு புரதம், சால்மன் வகை ஆண் மீனின் விந்துப் பையிலிருந்து எடுக்கறது. இதய அறுவை முடிஞ்சதும் ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த ஹெப்பாரின் மருந்தை முறிக்க அதைத்தான் ஊசியா போடறாங்க. 1936லேயே டென்மார்க்கில் ஹாகடோர்ன் அதை இன்சுலினோட சேர்த்து, மெதுவா வேலை செய்யும் இன்சுலினைக் கொண்டுவந்தார். இன்னிக்கும் விக்கிற என்.பி.எச். இன்சுலின் பேரில் இருக்கிற 'பி' அந்தப் புரோட்டமின்தான், 'எச்' அந்த ஹாகடோர்ன்தான். மீன் ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு அந்த ஊசி போடும்போது ஜாக்கிரதையா இருக்கச் சொல்றதும் இதனாலதான்.

நீலத்திமிங்கலம்:
அப்படிப் போடுங்க! லேப்காரரே, இருக்கீங்களா?

பழைய லேப்காரன்:
இருக்கேன். விந்துப் பை மீனோட எடையில 70 சதவீதமா?

உப்புமூட்டை:
😂😂

நீலத்திமிங்கலம்:
யாரும் அப்படிச் சொல்லலை. பேச்சை மாத்தாதீங்க. ஐஸ்லாந்தில் கெரேசிஸ் கம்பெனி காட் மீன் தோலை ஆறாத புண்ணுக்குப் போர்த்தற மாதிரி செஞ்சு 2013ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட அனுமதி வாங்கினாங்க. 2023ல் கோலோபிளாஸ்ட்ங்கற மருத்துவப் பொருள் கம்பெனி கெரேசிஸை 130 கோடி டாலர் வரை பேசி வாங்குச்சு. பிரேசிலில் திலாப்பியா தோலைத் தீக்காயத்துக்குப் போட்டுப் பார்த்தாங்க. தோல் கழிவுதானே? துண்டம் போடறவன் தூக்கிப் போடறதுதானே?

பழைய லேப்காரன்:
130 கோடி "வரை"! பாருங்க, டாலருக்கு மட்டும் "வரை" ஞாபகம் வருது. அந்த அனுமதி புண்ணைக் கட்டும் சாதனத்துக்குக் கொடுத்தது, மருந்துக்கு இல்லை. அதுவும் போகட்டும். ஆலையில் கழிவு எப்படிக் கிடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? குடலும் தோலும் செவுளும் ரத்தமும் ஒரே நீலக் கூடையில். ஐஸ் முழுக்கத் துண்டத்துக்கு, கூடைக்கு ஒண்ணும் கிடையாது. குடலில் இருக்கிற நொதி அந்த மீனையே தின்ன ஆரம்பிச்சிடும். கொஞ்ச நேரத்துல அடியில பழுப்பா தண்ணி கட்டும், விரலை வெச்சா தோல் வழுவழுன்னு கழண்டு வரும். சூரை, மத்தி மாதிரி மீன்னா ஒவ்வாமை மாதிரி உபாதை தர்ற ஹிஸ்டமின் ஏறும். ஏறின ஹிஸ்டமின் கொதிக்க வெச்சாலும் போகாது. எண்ணெய் காறிப்போகும். இதிலிருந்துதான் உங்க சஞ்சீவி மூலிகை.

மாத்திரை:
அப்போ தனித்தனியா பிரிச்சு ஐஸ் போட்டா சரியாயிடும்னுதானே அர்த்தம்? அது பொருளோட குத்தம் இல்லையே, கூடையோட குத்தம்.

பழைய லேப்காரன்:
ஐஸுக்கு யார் காசு கொடுப்பா? 70 சதவீதத்துக்கும் ஐஸ் போடணுமே! உங்க கணக்குதான்.

கேள்விக்குறி:
மன்னிக்கணும், குறுக்கே வர்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மீன் தோல், செதிலில் இருக்கிற கொலாஜன்ங்கற புரதத்தைப் பொடியா விக்கறாங்க, வாங்கலாமா?

உப்புமூட்டை:
தாராளமா வாங்குங்க. மீன் கொலாஜன் அப்படியே போய் மூட்டுல ஒட்டும்.

பழைய லேப்காரன்:
ஒட்டறதுக்கு அது என்ன கோந்தா? வயித்துக்குள்ள போனா மத்தப் புரதம் மாதிரிதான் உடையும். 2011ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பார்த்துட்டு, சின்னத் துண்டா உடைச்ச கொலாஜனுக்கும் (ஹைட்ரோலைசேட்) மூட்டுக்கும் தொடர்பு நிறுவப்படலைன்னு சொல்லிடுச்சு.

மாத்திரை:
புரதத்தோட அடிப்படைத் துண்டான அமினோ அமிலம் வரைக்கும் முழுசா உடையறதில்லை. புரோலின், ஹைட்ராக்சிபுரோலின்ங்கற ரெண்டு அமினோ அமிலம் சேர்ந்த ஒரு சின்னத் துண்டு அப்படியே ரத்தத்தில் தெரியுது, 2005லேயே ஜப்பானில் அளந்தாங்க. ரத்தத்தில் தெரியறதும் வலி குறையறதும் வேற வேறங்கறது உண்மைதான். ஆனா "சாதாரணப் புரதம் மாதிரி" என்பது தப்பு.

பழைய லேப்காரன்:
தப்பா? நீங்க எந்த லேப்ல இருந்தீங்க? நான் கையால மீன் செதில் ஊறவெச்சவன். அமிலத்தில் சுண்ணாம்பை இறக்கி, நாலு டிகிரி குளிரில் அசெட்டிக் அமிலத்தில் கரைச்சு, உப்புப் போட்டுப் பிரிச்சு எடுத்தா அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி நிக்கும், அதுதான் கொலாஜன். குளிர்கடல் மீன்னா வெளியே வெச்ச உடனே முறுக்கின நூல் மாதிரி இருக்கிற அந்தப் புரதம் அவிழ்ந்து ஜெலட்டினா போயிடும், ஏன்னா அதில் ஹைட்ராக்சிபுரோலின் கம்மி. இதெல்லாம் பக்கம் புரட்டித் தெரிஞ்சுக்கற விஷயம் இல்லை.

நீலத்திமிங்கலம்:
அப்போ கழிவிலிருந்து பயனுள்ள பொருள் எடுத்திருக்கீங்க. உங்க கையாலேயே. இந்தப் பதிவு சொல்றதும் அதைத்தானே?

பழைய லேப்காரன்:
பதிவு 70 சதவீதம்னு சொல்லுது.

நீலத்திமிங்கலம்:
ஐயோ சாமி.

கேள்விக்குறி:
அப்போ மூட்டுவலிக்குன்னு விக்கற குளுக்கோசமைன் மாத்திரை வாங்கலாமா?

மாத்திரை:
அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வர்றது. 2006ல் அமெரிக்காவில் 1,583 பேரை வெச்சுச் சோதிச்சாங்க. மொத்தத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலா ஒண்ணும் தெரியலை. காண்ட்ராய்டின்ங்கற இன்னொரு மூட்டு மாத்திரையோட சேர்த்துக் கொடுத்தப்போ, வலி அதிகமா இருந்த ஒரு சின்னப் பிரிவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். டாக்டரைக் கேட்டுட்டு...

உப்புமூட்டை:
இறால் எப்படி இங்கே வந்துச்சு? பேச்சு மீனைப் பத்தி.

நீலத்திமிங்கலம்:
இறால் ஓடும் அதே ஆலைக் கழிவுதான். அதில் கைட்டின்ங்கற நார்ப்பொருள் இருக்கு, அதிலிருந்து கைட்டோசான் செய்யறாங்க. தினம் 3 கிராம் சாப்பிட்டா ரத்தத்தில் கொலஸ்ட்ராலை இயல்பான அளவில் வைக்க உதவும்னு எழுதிக்கலாம்னு ஐரோப்பாவிலேயே 2012ல் அனுமதி இருக்கு. லேப்காரர் மேற்கோள் காட்டற அதே ஆணையம் ஆராய்ஞ்சு சொன்னதுதான். அதை ஏன் மறைச்சீங்க? வேக வெச்சா ஓடு சிவக்குதே, அந்த நிறமியான அஸ்டாக்சாந்தினையும் சேர்த்துக்கோங்க.

பழைய லேப்காரன்:
மறைக்கறதா? என்னையா? போன மாசம் கடல்பாசி பத்தின விவாத இழையில் அயோடின் அளவைத் தப்பாப் போட்டுட்டு, நான் சுட்டிக்காட்டினதும் ராத்திரியோட ராத்திரியா பதிவை அழிச்சது யாரு? இறாலைச் சேர்த்தா உங்க 70ம் விழுந்துடும், தெரியுமா? இறாலில் தலையும் ஓடும் சேர்ந்தாலே பாதிப் பக்கம்தான்.

நீலத்திமிங்கலம்:
அழிக்கலை. திருத்தினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. கடல்பாசி வயித்தெரிச்சல் இன்னும் தீரலை போல.

உப்புமூட்டை:
அழிச்சார். நான் பார்த்தேன்.

நீலத்திமிங்கலம்:
நீங்க பார்ப்பீங்க. கொலாஜன் பொடி ஏஜென்சி எடுத்திருக்கிறதையும் எல்லாரும் பார்த்தோம், முகப்புப் படத்திலேயே டப்பா இருக்கு.

உப்புமூட்டை:
அது என் மச்சான் கடை. தனிப்பட்ட விஷயத்துக்கு வராதீங்க.

நெறியாளர்:
தலைப்பில் பேசுங்க. டப்பா படத்தை எடுங்க.

மாத்திரை:
தலைப்புக்கே வர்றேன். மத்தியின் புரதத்திலிருந்து எடுத்த துண்டு ரத்த அழுத்தம் ஏத்தற நொதியைத் தடுக்குது, அதைச் சேர்த்த உணவுப்பொருளுக்கு ஜப்பானில் அரசு அனுமதியே இருக்கு. ஐரோப்பாவில் இதே மாதிரி சூரை இனத்து மீனின் புரதத் துண்டுக்கு (பெப்டைடு) ஆதாரம் போதாதுன்னு சொன்னாங்க. ரெண்டு இடத்தில் ரெண்டு தீர்ப்பு ஏன் வந்ததுன்னு பேசினா ஏதாவது பிரயோசனம் இருக்கும்.

பழைய லேப்காரன்:
பேசலாம். முதல்ல அந்த மத்தியில் கழிவு எவ்வளவுன்னு சொல்லுங்க. 70ஆ?

மாத்திரை:
நான் கிளம்பறேன்.

பழைய லேப்காரன்:
கிளம்புங்க. கணக்குக் கேட்டா எல்லாரும் கிளம்பிடறாங்க. நாளைக்கு மீன் மீனா எடை போட்ட பட்டியலோட தனி இழையே திறக்கறேன்: சூரை, காட், சால்மன், மத்தி, நெத்திலி.

நீலத்திமிங்கலம்:
திறங்க. கடல்பாசிப் பட்டியலும் போன மாசத்திலிருந்து "நாளைக்கு"தான் வருது.

பழைய லேப்காரன்:
அந்தப் பட்டியலை நெறியாளருக்குத் தனிமடலில் அனுப்பிட்டேன். வந்துச்சா இல்லையா, அவரையே சொல்லச் சொல்லுங்க.

நெறியாளர்:
எனக்கு எதுவும் வரலை.

பழைய லேப்காரன்:
ஸ்பாம்ல பாருங்க.