மறுமொழி: வாலாய் மீனுக்கும் அதன் கண்ணுக்கும் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்க ஏரி மீனான வாலாய் (walleye) பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், மீனுக்கும் இரவில் விளக்கு பட்டால் மினுங்கும் அதன் கண்ணுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஒன்டாரியோவில் இருப்பவன், குவின்டே விரிகுடாப் பக்கம் இரவில் தூண்டில் போடுபவன், அதனால் இந்த மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அக்கறை கூடுதல்.

> 'வால்' சுவர், 'ஐ' கண். சுவர்க்கண் மீன் என்றே வைத்துவிடலாமே?

இது வேண்டாம். அந்த 'வால்' சுவர் இல்லை. பழைய நார்ஸ் மொழியில் கண்ணில் படலம் விழுந்ததைக் குறித்த ஒரு சொல் ஆங்கிலத்துக்குள் போய் உருமாறி, இன்று காதுக்குச் சுவர்போல ஒலிக்கிறது, அவ்வளவுதான். நாம் 'கண்ணில் பூ விழுந்திருக்கு' என்போமே, அதற்குப் பக்கத்துப் பொருள். இன்னொரு மடலில் 'மாறுகண் மீன்' என்றும் வந்திருந்தது. அதே ஆங்கிலச் சொல் கண் வெளிப்பக்கம் விலகியிருப்பதையும் குறிக்கும் என்பதால் அது வந்திருக்கும், ஆனால் இந்த மீனுக்கு மாறுகண் கிடையாது.

> ஒலிபெயர்ப்பே போதும். 'வாலை' என்று எழுதினால் படிக்கவும் எளிது.

படிக்க எளிதுதான், ஆனால் ஒற்றை எழுத்து தள்ளினால் 'வாளை' ஆகிவிடும். வாளை நம் ஆற்றிலும் குளத்திலும் இருக்கிற, மீசை வைத்த, செதில் இல்லாத பெரிய மீன். நம் பழம்பாடல்களில் துள்ளிக்கொண்டே இருப்பதும் அதுதான். வட அமெரிக்க ஏரி மீனைப் பற்றிய கட்டுரையில் 'வாலை' என்று பார்த்ததும் வாசகர் அச்சுப்பிழை என்று நினைத்து மனத்துக்குள் வாளை என்று திருத்திப் படிப்பார். 'கெண்டை' ஒட்டும் யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. பனையேறியைக் கெண்டை என்கிறோம் என்பது உண்மை, அது மக்கள் வழக்கு, இருக்கட்டும். நாம் உட்கார்ந்து யோசித்துப் புதிதாக வைக்கும் பெயரில் அந்தக் குழப்பத்தை ஏன் கொண்டுவர வேண்டும்? இது பெர்ச் குடும்பத்து மீன், கெண்டை இனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி 'ஒளிர்கண்' என்று மீனுக்குப் பெயர் வைக்கும் யோசனை. பலருக்கும் பிடித்திருக்கிறது, அழகாகவும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலைச்சொல் வழக்கில் 'ஒளிர்வு' என்பதை ஒரு பொருள் தானே ஒளியை வெளிவிடுவதற்கு வைத்திருக்கிறோம். மின்மினிக்கும் ஆழ்கடல் மீனுக்கும் உயிரொளிர்வு என்கிறோம். இந்த மீனின் கண் எதையும் வெளிவிடுவதில்லை. விழித்திரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த ஒளி ஒளியுணர் செல்களைக் கடந்து போய், அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி, அதே செல்களை இன்னொரு முறை தொடுகிறது. முதல் தடவை தவறிய ஒளியைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்பு. பூனைக்கும் மாட்டுக்கும் இருப்பதும் இதே வேலையைச் செய்யும் படலம்தான்.

ஆனால் இருக்கும் இடம் வேறு, அதனால்தான் அந்தப் படலத்துக்கு முன்மொழியப்பட்ட 'விழிப்பின்னாடி' (விழிக்குப் பின்னுள்ள ஆடி) என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. பூனையில் அந்தப் படலம் விழித்திரைக்குப் பின்னால், இரத்தக்குழாய்கள் நிறைந்த அடுக்கில் இருக்கிறது. இந்த மீனிலோ விழித்திரையின் நிறமி அடுக்குக்குள்ளேயே இருக்கிறது. 'பின்' என்று இடத்தைச் சொல்லி வைத்தால் பூனைக்குப் பொருந்தும், மீனுக்குப் பிழையாகும். இடத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லும் பெயர் இரண்டுக்கும் பொருந்தும். என் பரிந்துரை எதிரொளிப்படலம். இலங்கையில் படித்தவர்கள் ஒளித்தெறிப்பு என்று படித்திருப்பார்கள், தமிழ்நாட்டில் எதிரொளிப்பு. தெறிபடலம் என்றாலும் எனக்குச் சம்மதமே, ஆனால் எதிரொளி என்பது பாடநூலைத் தொடாதவருக்கும் சட்டென்று விளங்கும் என்று நினைக்கிறேன். விளக்கு பட்டுக் கண் பளிச்சென்று தெரிவதற்குத் தனிச் சொல் கேட்டிருந்தீர்கள். 'பூனைக்கண் மினுங்குது' என்பது வீட்டுப் பேச்சு, அதிலிருந்தே கண்மினுக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பை அனுப்பிய நண்பருக்கு ஒன்று. உங்கள் வரைவில் 'முழுநிலவின் ஒளியில் மீன்களின் கண்கள் தண்ணீருக்குள் சுடர்விட்டன' என்று இருக்கிறது. இது நடக்காது. கண்மினுக்கம் தெரிய விளக்கு பார்ப்பவரின் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒளி வந்த வழியே திரும்பிப் போகிறது. நெற்றி விளக்கைத் தண்ணீர்மேல் அடித்தால் தெரியும். நிலவு மேலே இருக்கிறது, நீங்கள் கரையில் நிற்கிறீர்கள், அதோடு முழுநிலவின் வெளிச்சமே 0.1 முதல் 0.3 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுதான். விஸ்கான்சினில் லாக் டு ஃபிளாம்போ என்று ஓர் ஊர் உண்டு, பிரெஞ்சில் தீப்பந்த ஏரி என்று பொருள். அங்குள்ள ஓஜிப்வே மக்கள் இரவில் சூள் கொளுத்திப் படகில் போய், மினுங்கும் கண்ணைப் பார்த்து ஈட்டியால் குத்திப் பிடித்ததைக் கண்டு பிரெஞ்சு வணிகர்கள் வைத்த பெயர் அது. அந்தச் சூள் கையருகே இருந்ததால் கண் தெரிந்தது. ஓஜிப்வேயில் இந்த மீனுக்கு 'ஓகா' என்று பெயர்.

நிலவால் மீனுக்குத்தான் லாபம். மஞ்சள் பெர்ச் மீனும் இதே குடும்பம்தான், ஆனால் அதற்கு இந்தப் படலம் இல்லை, வெளிச்சம் இறங்க இறங்க அதன் பார்வை மங்கிவிடும். அந்த மங்கலான நேரத்தில் நம் மீன் தெளிவாகப் பார்க்கிறது. இலையுதிர்காலக் கடைசியில் இரை மீன்களும் கரையோரம் வந்து சேர்கின்றன. ஈரி ஏரியில் கிசார்ட் ஷாட் என்ற இரை மீனின் கூட்டம் துறைமுகங்களுக்குள் அடைகிறது, அதைத் துரத்திப் பெரிய மீன்கள் வருவதால்தான் கிளீவ்லாந்து, லொரெய்ன் பக்கத்து அலைதடுப்புக் கற்கள்மேல் அந்தக் குளிரிலும் இரவு முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள். மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் போன்ற ஏரிகளில் சிஸ்கோ மீன் நவம்பர் வாக்கில் முட்டையிடப் பாறைத் திட்டுகளுக்கு ஏறும்போதும் இதே கதைதான். பகலில் ஆழத்தில் கிடக்கும் மீன் இரவில் இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிடும், அதனால் கரையில் நிற்பவர் கையிலும் 10 பவுண்டு மீன் மாட்டும். அந்த நேரத்தில் யாராவது தண்ணீர்மேல் டார்ச் அடித்தால் மீன் விலகிப் போகும், பக்கத்தில் நிற்பவர்கள் கோபிப்பது நியாயமே. உங்கள் கட்டுரையில் 'விளக்கை அணைத்து வையுங்கள்' என்ற வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

பௌர்ணமிக்கு வருகிறேன். 'அறுவடை நிலவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் செப்டம்பர் 22, 23ஐ ஒட்டி வரும் முழுநிலவுக்கு மட்டும் உரியது. சராசரியாக நிலவு ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் பிந்தி எழும். அந்தக் காலத்தில் இந்த அட்சரேகைகளில் அரை மணிநேரம்போலத்தான் பிந்தும், ஆகவே தொடர்ந்து சில மாலைகள் சூரியன் விழுந்த கையோடு நிலவு வந்துவிடும், வயலில் வேலை நீட்டலாம், அதனால் அந்தப் பெயர். உங்கள் கட்டுரை பேசுவது அக்டோபர் கடைசியை. அது அடுத்த முழுநிலவு, ஆங்கிலத்தில் வேட்டைக்காரர் நிலவு. தமிழில் வேட்டை நிலவு என்றால் போதும். ஐப்பசிப் பௌர்ணமி என்று எழுத ஆசை வருகிறது, காலமும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் அதைப் பார்த்ததும் வாசகர் மனம் அன்னாபிஷேகத்துக்குப் போய்விடும், மின்னசோட்டா ஏரியில் நிற்காது. தலைப்பில் இலையுதிர்காலப் பௌர்ணமி என்று பொதுவாகவும், உள்ளே வேட்டை நிலவு என்றும் வைக்கலாம்.

சரி, மீனுக்குப் பெயர். 1818இல் சாமுவேல் மிட்சில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'விட்ரியஸ்' என்ற சொல்லை எடுத்தார், கண்ணாடி போன்றது என்று பொருள். பகலில் மீனைக் கையில் வைத்துப் பார்த்தால் கண் அப்படித்தான் இருக்கும், புகை படிந்த கோலிக்குண்டு மாதிரி. நமக்குப் பளிங்கு என்ற சொல் இருக்கிறது, கண்ணாடித்தன்மையும் மினுமினுப்பும் இரண்டும் அதில் உண்டு, அது தானே ஒளிவிடுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஆகவே பளிங்குக்கண்ணி. அங்கயற்கண்ணி என்று மீனை வைத்துக் கண்ணுக்குப் பெயர் சொன்ன மொழியில், கண்ணை வைத்து மீனுக்குப் பெயர் சொல்வது உறுத்தாது என்று நம்புகிறேன். முதல் தடவை மட்டும் 'வாலாய் எனப்படும் பளிங்குக்கண்ணி' என்று எழுதிவிட்டு, பிறகு தனியாகப் புழங்கலாம். இங்கே ஒன்டாரியோவில் பலர் இதைப் பிக்கரல் என்பார்கள், உண்மையான பிக்கரல் வேறு குடும்பம், கியூபெக்கில் டோரே, அதாவது பொன்பூசியது. இந்த இரண்டையும் ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் கனடாவில் வாசிப்பவர்கள் எந்த மீன் என்று தேட வேண்டியிருக்காது.

தீராமல் இருப்பது இதன் நெருங்கிய உறவான சாகர். அதற்கும் இதே கண்தான், அதனால் பளிங்குக்கண்ணி என்பதைப் பேரினப் பெயராக வைத்துவிட்டு அடைமொழியால் பிரிக்க வேண்டும். சாகருக்கு முதுகின் முள்துடுப்பில் கரும்புள்ளி வரிசை, வாலாய்க்கு வால் துடுப்பின் கீழ்நுனியில் வெள்ளை. 'புள்ளித்துடுப்புப் பளிங்குக்கண்ணி' என்பது நீளம், 'வெள்வால் பளிங்குக்கண்ணி' என்றால் வால் முழுக்க வெள்ளை என்றாகிவிடும். மீன் பெயர்கள் தெரிந்த கடற்கரை நண்பர்கள் யாராவது இதைவிடக் குறுகலாக ஒன்று தர முடியுமா?

அன்புடன்