டிஜேவுக்கும் தினசரி பாட்டுக்கும் ஒரே வயர்லெஸ் ஹெட்ஃபோன், 7000 ரூபாய்க்குள் கிடைக்குமா?

கேள்வி

கன்ட்ரோலர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, லேப்டாப்பில் ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேர். சின்ன ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ் அளவு வேலைதான். மற்ற நேரம் பஸ்ஸில் பாட்டு, யூட்யூப். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட்ஃபோன் வேண்டும். கடையில் காட்டிய ஒன்றில் "கேமிங் மோட், 40 மில்லிசெகண்ட்" என்று தாமதத்தைப் போட்டிருந்தது. யூட்யூப் ஓட்டிப் பார்த்தேன், உதடசைவும் குரலும் ஒட்டியே இருந்தன. அப்படியென்றால் மிக்ஸிங்குக்கும் (ஓடும் பாட்டோடு அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் சேர்ப்பதற்கும்) போதும்தானே?

பதில் 1

போதாது. யூட்யூப்பில் ஒட்டி இருந்ததற்குக் காரணம் ஹெட்ஃபோனின் வேகம் அல்ல. ப்ளூடூத்தில் சத்தம் எவ்வளவு பிந்தும் என்பது ஃபோனுக்குத் தெரியும், படத்தையும் அதே அளவு பிந்தவிட்டுச் சமாளிக்கிறது. மிக்ஸிங்கில் பிந்தவிட எதுவும் இல்லை. ஒரு பக்கம் உங்கள் கை, மறுபக்கம் ஹாலில் ஏற்கெனவே ஓடும் பாட்டு.

கணக்குப் போடுங்கள். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு பீட்டுக்கு 469 மில்லிசெகண்ட். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி, ஏஏசி கோடெக்குகளில் 150 முதல் 250 வரை தாமதம் சகஜம், அதாவது கிட்டத்தட்ட அரை பீட். ஹெட்ஃபோனில் இரண்டு பாட்டின் கிக்கும் (டிரம் அடி) ஒன்றாக விழும்படி கன்ட்ரோலரின் ஜாக் வீலைத் தள்ளினால், வெளியே ஸ்பீக்கரில் குதிரைக் குளம்படிதான் கேட்கும். "எப்போதும் 200தானே, அதைக் கழித்துக்கொள்கிறேன்" என்றாலும் நடக்காது. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பாட்டு அறுபடாமல் இருக்க ஹெட்ஃபோன் கொஞ்சம் சத்தத்தைச் சேமித்து வைத்துத்தான் வாசிக்கிறது. அந்தச் சேமிப்பின் அளவு ஒவ்வொரு இணைப்பிலும் மாறும்.

அந்த 40 உண்மையாகவே கிடைத்தாலும் ஒரு பீட்டில் 12இல் ஒரு பங்கு. கிக் "டக்" என்று விழாமல் "த-டக்" என்று இரட்டிக்கும். தவிர, எஃப்எல்எக்ஸ்4-இன் ஹெட்ஃபோன் அவுட் வெறும் 3.5 மிமீ ஓட்டைதான். அதில் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் மாட்டினால்தான் ப்ளூடூத் வரும். தாமதம் குறைந்த ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி கோடெக் என்றால் டிரான்ஸ்மிட்டர், ஹெட்ஃபோன் இரண்டிலும் அது இருக்க வேண்டும், இப்போது வரும் ஹெட்ஃபோன்களில் அது அரிது.

எனவே தேட வேண்டியது "பஸ்ஸில் ப்ளூடூத், டெக்கில் (கன்ட்ரோலர் முன்னால்) கேபிள்" என்று இரண்டு வேலையும் செய்யும் ஹெட்ஃபோன். வாங்கும்போது பாருங்கள்: மூடிய கிண்ணம், 32 முதல் 40 ஓம் வரை இம்பீடன்ஸ் (மின்தடை), பிரித்து மாட்டும் கேபிள். யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் கன்ட்ரோலரில் 250 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினால் சத்தமே ஏறாது.

கேட்டவர்

புரிந்தது. ஆனால் இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டன் இருக்கிறதே? கிரிட்தான் (பீட் எங்கெங்கே விழுகிறது என்று சாஃப்ட்வேர் போடும் கோடுகள்) பார்த்துக்கொள்ளும் என்றால் காதுக்குத் தாமதம் வந்தால் என்ன?

பதில் 2

சிங்க் நம்புறது கிரிட்டை. எலக்ட்ரானிக் டிராக்குக்கு கிரிட் கச்சிதமா உட்காரும். நம்ம ரிசப்ஷன்ல கேட்கிற எண்பதுகள் பாட்டு அப்படி இல்லை ப்ரோ. வாத்தியக்காரங்க நேர்ல உட்கார்ந்து வாசிச்ச பதிவு, பல்லவியில ஒரு வேகம், சரணத்துல லேசா இன்னொரு வேகம். நிலையான பிபிஎம் போட்டா ஒரு நிமிஷத்துல கிரிட் விலகிடும், அப்போ காதுதான் கதி. சிங்க்கே சரியா பிடிச்சாலும், பாட்டைக் குறிச்ச இடத்துலேர்ந்து ஓட்டிப் பார்க்கிற கியூ பட்டனை அழுத்தி கால் நொடி கழிச்சு சத்தம் வந்தா பாட்டை எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு குத்துமதிப்புதான்.

மாடல் சொல்றேன், அன்னைக்கு விலையைப் பார்த்துக்கோங்க. பயோனியர் டிஜே எச்டிஜே-கியூ1பிடி டிஜேவுக்குன்னே செஞ்சது: 40 மிமீ டிரைவர், கிண்ணம் திரும்பும், சுருள் கேபிள் கழட்டலாம். குறை என்னன்னா காது மேல உட்காரும் ரகம். கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரு மணி நேரத்துல காது வலிக்கும், வெளிச்சத்தமும் உள்ள வரும். ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ்பிடி காதைச் சுத்தி மூடும், 36 ஓம், பேட்டரி 60 மணி நேரம். பஸ்ஸுக்கு இதுதான் சுகம். ஆனா கிண்ணம் அதே கம்பெனியோட எம்50 வரிசை மாதிரி 90 டிகிரி திரும்பாது, ஒத்தைக் காதுல கேட்கணும்னா ஒரு பக்கத்தை காதுக்குப் பின்னாடி தள்ளி வைக்கணும்.

ஒன்ஓடியோ ஏ70-ல 3.5, 6.35 ரெண்டு ஓட்டையும் இருக்கு. பெரிய மிக்ஸர்ல மாட்ட அடாப்டர் தேட வேண்டாம். பேஸ் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதை நம்பி ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் குமிழ்) திருகாதீங்க.

பதில் 3

எனக்கு ஒரே ஹெட்ஃபோன் யோசனையே பிடிக்கவில்லை. பஸ் வியர்வையும் மேடை வியர்வையும் ஒரே பேடில் இறங்கினால், சென்னை ஈரக்காற்றில் அந்த ரெக்சின் உரிந்து கறுப்புத் துகளாகக் கழுத்தில் ஒட்டும். அதே பணத்தில் வயர் உள்ள டிஜே ஹெட்ஃபோன் ஒன்றும் மலிவான இயர்பட்ஸ் ஒன்றும் வாங்கலாம். வயரில் ஏடிஎச்-எம்20எக்ஸ் வேண்டாம். சத்தம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 3 மீட்டர் நேர் கேபிள், கழற்ற முடியாது, மேடையில் காலில் சிக்கும்.

பதில் 1

பேட் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் அது பெரிய பிரச்சினை இல்லை. ஒன்றுதான் வேண்டும் என்று முடிவு செய்தால், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் பேட்டரியை முழுக்கக் காலி செய்து கேபிளில் மாட்டுங்கள். சில மாடல்கள் ஊமையாகிவிடும், சில மந்தமாக ஒலிக்கும். ஊமையானதைத் திருப்பிக் கொடுங்கள், நிகழ்ச்சி நடுவே சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது.

அடுத்து சார்ஜ் ஏற்றி, ஹெட்ஃபோனை ஆன் செய்து, கன்ட்ரோலரில் மாட்டி, மாஸ்டரில் (ஸ்பீக்கருக்குப் போகும் வழி) ஓடும் பாட்டையே ஹெட்ஃபோன் கியூவிலும் போடுங்கள். மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஓரடி தூரத்தில் நின்று ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் ஸ்பீக்கர். இரண்டும் ஒன்றாக விழுந்தால் நல்லது. எதிரொலி கேட்டால், கேபிளில் வரும் சத்தத்தையும் அது டிஜிட்டலாக மாற்றித்தான் தருகிறது என்று அர்த்தம். ஆஃப் செய்து மறுபடி பாருங்கள். நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் டெக்கில் எப்போதும் அணைத்தே வையுங்கள், ஸ்பீக்கர் பேஸில் அதன் மைக் திணறும்.

கேபிளில் மைக் இருந்தால் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். கன்ட்ரோலரில் அது முழுக்க இறங்காவிட்டால் பாடகர் குரல் மறைந்து பின்னணி மட்டும் கேட்கும். ஹெட்ஃபோன் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்கு ஓடுவது இதற்காகத்தான். இரண்டு வளையம் உள்ள சாதாரண கேபிள் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். ஹெட்ஃபோன் பக்க முனை 2.5 மிமீயா 3.5ஆ என்று பார்த்து வாங்குங்கள்.

பதில் 2

வயரே இல்லாம டெக்ல வேணும்னா 2024-ல வந்த ஆல்ஃபாதீட்டா எச்டிஜே-எஃப்10 இருக்கு. ப்ளூடூத் இல்லாம அவங்களோட சொந்த டிரான்ஸ்மிட்டர்ல 9 மில்லிசெகண்ட்தான் தாமதம். ஸ்பீக்கர்லேர்ந்து மூணு மீட்டர் தள்ளி நின்னா காத்துலயே அவ்வளவு ஆயிடும். ஆனா உங்க 7000-க்கு அது பக்கத்துலயே வராது.

கேட்டவர்

கண்ணாடி போட்டிருக்கிறேன், அதனால் எம்20எக்ஸ்பிடி. மைக் இல்லாத கேபிள் ஒன்றும் கூடவே ஆர்டர் போடுகிறேன்.