உடல்கூடக் கிடைக்காமல் ஒவ்வொன்றாகக் குறையும் மீன்கள்: கடல்நீர்த் தொட்டியில் என்ன நடக்கிறது?

உவர்நீர் (கேள்வி)

வணக்கம். 300 லிட்டர் கொள்ளளவுள்ள என் கடல்நீர்த் தொட்டி 14 மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுமார் 30 கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டுகள்), 5 செ.மீ. மணல், ஒரு மூலையில் மேல்நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, கீழே அந்த நீர் சேரும் சம்ப் என்னும் துணைத்தொட்டி, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஆகியவை உள்ளன. மூடி போடவில்லை. ஓர் இணை கோமாளி மீன், ஆறு பச்சைக் குரோமிஸ், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் ராஸ் ஆகியவற்றை வளர்த்து வந்தேன்.

கடந்த ஏழு வாரங்களில் மூன்று குரோமிஸும் ஃபயர்ஃபிஷும் காணாமற்போயின. நான்கு நாள்களாக ராஸையும் காணவில்லை. ஒன்றின் உடல்கூட அகப்படவில்லை. உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இரவில் பாறைப் பக்கமிருந்து 'டக், டக்' என்று ஓசை கேட்கிறது. விளக்கைப் போட்டால் பாறை இடுக்குகளிலிருந்து முட்கள் நிறைந்த, விரல் நீளமுள்ள புழுக்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பாறைகளையெல்லாம் வெளியே எடுத்து அந்தப் புழுக்களை ஒழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்குமுன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பவளத்திட்டு

நண்பரே, பாறையில் கை வைக்காதீர்கள். மீன் எப்படி இறந்தது என்பது ஒரு கேள்வி. அதன் உடல் எங்கே போயிற்று என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் பழி பெரும்பாலும் புழுக்களின் மேல் விழுகிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஓராண்டைக் கடந்த தொட்டியில் முட்புழுக்கள், துறவி நண்டுகள், மணலுக்குள் புதைந்திருக்கும் நசாரியஸ் நத்தைகள் எனத் துப்புரவு செய்பவை ஏராளம். விரலளவு மீன் மாலையில் இறந்தால் விடிவதற்குள் முள்கூட மிஞ்சாது. அம்மோனியா பூஜ்யம் என்பதை வைத்து 'தொட்டிக்குள் எதுவும் சாகவில்லை' என்று முடிவு கட்டவும் முடியாது. பாறையிலுள்ள பாக்டீரியாக்கள் நன்கு பெருகிய தொட்டியில் ஒரு சிறு மீனின் உடலிலிருந்து வரும் அம்மோனியா, சோதனைக் குப்பியில் நிறம் காட்டும் அளவுக்குச் சேர்வதற்கு முன்பே நைட்ரேட்டாக மாறிவிடக்கூடும். சாதாரண முட்புழுவுக்கு நலமான மீனைத் துரத்திப் பிடிக்கும் வலுவில்லை. பிணத்தின் மேல் அதைப் பார்த்துவிட்டு அதுவே கொன்றது என்பது, பிணம் தூக்க வந்தவரைக் கொலைகாரர் என்பதற்குச் சமம்.

முதற்கேள்விக்கு ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீன்களுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் முதலில் கேட்பது இதைத்தான்: காணாமற்போவதற்கு முந்தைய மாலை அந்த மீன் இரை எடுத்ததா? நன்றாகத் தின்ற மீன் மறுநாள் இல்லையென்றால், வெளியே குதித்ததா, எதனிடமாவது சிக்கியதா என்று தேட வேண்டும். சில நாள்களாகவே மூலையில் ஒதுங்கி, இரையை வாயில் வாங்கித் துப்பிக்கொண்டிருந்ததென்றால் நோயையோ மற்ற மீன்களின் தொல்லையையோ ஐயுற வேண்டும்.

குரோமிஸைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டமாக வாங்கி விட்ட பச்சைக் குரோமிஸ், ஆறு ஐந்தாகி, நான்காகி, ஒன்றிரண்டில் வந்து நிற்பது இந்த வளர்ப்பில் மிகப் பழைய கதை. கடலில் பெருங்கூட்டத்துக்குள் பரவிப்போகும் சண்டை, கண்ணாடிக்குள் கடைசித் தரத்திலுள்ள ஒரே மீனின் மேல் நாள் முழுதும் விழுகிறது. அது இரை எடுக்க அஞ்சி மெலிகிறது. அது மடிந்தபின் முறை அடுத்ததற்கு வருகிறது. யுரோனீமா என்னும் ஒற்றைச்செல் உயிரியும் இவ்வின மீன்களை அதிகம் தாக்குகிறது; விலாவில் செந்நிறப் புண் தெரிந்தால் அதை நினைவில் கொள்ளுங்கள்.

மஞ்சள் ராஸை இப்போதே இறந்தவற்றோடு சேர்க்க வேண்டாம். அது மணலுக்குள் புதைந்து உறங்கும் இனம். மிரண்டால் பல நாள்கள் மேலே வராமலே இருந்துவிடும். அதைத் தேடி மணலைக் கிளறினால் அச்சம்தான் கூடும்.

அலைவாசி

மூடியில்லாத தொட்டியில் ஃபயர்ஃபிஷ் என்று படித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. திடீரென்று விளக்கு அணைந்தாலே எம்பிக் குதிக்கும் மீன் அது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே, அலமாரிக்கு அடியில், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள், சம்பின் வடிகட்டிப் பைக்குள் எனத் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தூரம் வரை தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 6 மி.மீ. கண்ணளவுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே போட்டுவிடுங்கள். கண்ணாடி மூடியைவிட வலை நல்லது, காற்றோட்டம் குறையாது.

பாறையிடுக்கு

ஓசையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. லைவ் ராக்கோடு ஒட்டி வரும் மான்டிஸ் இறால், பிஸ்டல் இறால் ஆகிய இரண்டுமே ஓசை எழுப்பும். பிஸ்டல் இறால் ஒரு பெரிய இடுக்கியைச் சொடுக்கி ஓசை எழுப்புவது; மீன்களுக்குப் பொதுவாகத் தீங்கு செய்யாது. மான்டிஸோ வேட்டையாடுவது; அது இருந்தால் நத்தை ஓடுகளும் நண்டு ஓடுகளும் உடைந்து கிடக்கும். உங்கள் மணலில் அப்படி உடைந்த ஓடுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் மான்டிஸை இரண்டாமிடத்தில் வைக்கலாம். ஐயம் தீரவில்லையென்றால், பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு இறாலை உள்ளே போட்டு, இரவில் பாறையடியில் வைத்துப் பாருங்கள்.

டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெள்ளை ஒளி பட்டால் எல்லாம் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று: மீன்களைப் பட்டியலிட்டீர்கள், நண்டு, இறால், நட்சத்திரமீன், கடற்சாமந்தி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவையும் இரை தின்பவைதாம். என்னென்ன இருக்கின்றன?

உவர்நீர்

மூவருக்கும் நன்றி. ஒன்பது நாள்கள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஃபயர்ஃபிஷ், அலமாரியின் பின்காலுக்கு அருகே குச்சிபோல் காய்ந்து கிடந்தது. அங்கே நான் குனிந்து பார்த்ததே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ராஸ், ஆறாம் நாள் காலையில் ஒன்றுமே நடவாததுபோல் இரைக்கு வந்து நின்றது. உடைந்த ஓடுகள் எவையும் இல்லை; பாட்டிலில் இரண்டு துறவி நண்டுகள் மட்டுமே சிக்கின. ஓசை எழுப்பியது ஒரு பிஸ்டல் இறால். அதன் இடுக்கியைக் கண்ணால் பார்த்தேன்.

குரோமிஸில் பெரியது மற்ற இரண்டையும் விரட்டுகிறது. முதலில் போன இரண்டும் கடைசி நாள்களில் பாறைக்குப் பின்னாலேயே நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது. ஆனால் மூன்றாவது, முந்தைய மாலை நன்றாகத் தின்றது.

விட்டுப்போன பட்டியல்: ஒரு கிளீனர் இறால், நத்தைகள், துறவி நண்டுகள், துப்புரவுக்காக ஓராண்டுக்கு முன் விட்ட பச்சை நிற பிரிட்டில் ஸ்டார் (நீண்ட மெல்லிய கைகளுள்ள, நட்சத்திரமீனின் உறவினம்) ஒன்று. அதன் ஒவ்வொரு கையும் இப்போது ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். நேற்றிரவு சிவப்பொளியில் பார்த்தபோது, குரோமிஸ் உறங்கும் பாறையின் அடியில், கைநுனிகளை ஊன்றி நடுவுடலை உயர்த்திக் கூடாரம்போல் நின்றது. அரைமணி நேரம் அசையவில்லை. உணவுக்காகக் காத்திருக்கிறதா?

பாறையிடுக்கு

ஆம், அது பதுங்கி நிற்கும் நிலை. பச்சை பிரிட்டில் ஸ்டார் அப்படிக் குகைபோல் நிற்கும். உறங்க இடம் தேடும் சிறு மீன் அந்த நிழலுக்குள் ஒதுங்கும்போது கைகளை முறுக்கிக்கொண்டு உடலைக் கீழே இறக்கிவிடும். அதன் உறவினங்கள் பல உண்மையாகவே துப்புரவாளர்கள். இந்த இனம் மட்டும் வளர்ந்தபின் வேட்டைக்காரன் என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பவளத்திட்டு

மூன்றாவது குரோமிஸ் அதனிடம் சிக்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதலிரண்டை அதன் கணக்கில் எழுத மாட்டேன். நோயுற்றோ விரட்டப்பட்டோ தளர்ந்த மீன்களை அது எளிதாக எடுத்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல இடமில்லை. ஆகவே அதை அகற்றியபின்னும் ஆறு வாரங்களுக்குப் புது மீன் விடாமல், எஞ்சியவற்றின் இரையெடுப்பையும் மூச்சு வேகத்தையும் நாள்தோறும் குறித்து வையுங்கள்; புதிதாக வருவதையும் நேரே தொட்டியில் விடாமல் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள்.

அதைப் பிடிக்க, இறால் துண்டு வைத்த ஓர் அகன்ற குழாயை மாலையில் கிடைமட்டமாகப் போட்டு வையுங்கள். உள்ளே நுழைந்ததும் குழாயோடு தூக்கிச் சம்பில் விடலாம். கையைப் பிடித்து இழுத்தால் கை அறுந்து உங்களிடமே தங்கிவிடும். சம்பில் மூன்று நாள்களுக்கொருமுறை இரை போதும். விடுவதற்கு முன் அங்குள்ள பம்பின் உறிஞ்சுவாய்க்கு வலை கட்டிவிடுங்கள். அதன் கைநுனிகள் எல்லா இடுக்கிலும் நுழைந்து பார்க்கும்.