பழைய கரவனுக்கு ஒழுக்கடைக்கும் ரேப்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

முதற் பதிவு, மாங்குளம்

பழைய கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்றைத் திருத்தும்போது சக்கரத்துக்கும் அச்சுக்கும் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நாம் ஒழுக்கடைக்கும் ரேப்புக்கு, அதாவது நீர் ஒழுகும் இடுக்கில் வைக்கும் ஒட்டுநாடாவுக்கு, காட்டுவதில்லை என்பதை இரண்டு மாரிகளை வீணாக்கிய பின்னரே உணர்ந்தேன். எங்கள் வளவில் நிற்பது 1970களில் பிரித்தானியாவில் செய்யப்பட்ட, பன்னிரண்டு அடி நீளமான கரவன். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, இரண்டுக்கும் நடுவே மென்மரச் சட்டம் என்பதுதான் அதன் அமைப்பு. வவுனியாவில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவரின் முற்றத்தில், யாரோ வேலைத்தள அலுவலகமாகப் பாவித்துக் கைவிட்ட நிலையில், ரயர்கள் மண்ணில் புதைந்து கிடந்ததை, மருமகனின் ஆசைக்காக லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

முதல் மாரியில் கதவடியில் ஈரம் கண்டது. ஈரம் இருக்கும் இடத்தில்தான் ஓட்டையும் இருக்கும் என்று நம்பிக் கதவைச் சுற்றி இரண்டு குழாய் சிலிக்கன் பூசினேன். அடுத்த மாரியில் கட்டிலுக்குக் கீழேயும் ஈரம் வந்தது. கடைசியில் முன்பக்கக் கூரை விளிம்பில் ஓடும் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது, செய்த காலத்தில் இடுக்கை அடைக்க அதன் கீழே வைத்த புட்டி (எண்ணெய் கலந்த களி), வற்றிய குளத்து நிலம்போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. திருகாணித் துவாரங்களால் இறங்கிய மழைநீர், தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் யாருக்கும் தெரியாமல் நடந்து, பத்தடி தள்ளியிருந்த கதவடியில் தலைகாட்டியிருக்கிறது. மரச்சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அது பிட்டுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. ஈர மரத்தைத் தேடி வந்த கறையான் மிச்சத்தை முடித்திருந்தது.

ஆகவே எந்த ரேப்பையும் வாங்குவதற்கு முன்னர் ஒழுக்கின் வாசலைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே கைவிளக்குடன் இருக்க, மற்றவர் வெளியே தண்ணீர்க் குழாயைக் கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நிறுத்தி, மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எதுவும் பிடிபடாது.

நான் முதலில் வாங்கியது வவுனியாவில் ஹாட்வெயார் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், மேற்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய அகலமான ரேப். அதன் பசை தார் என்பதை நான் கவனிக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்து வெயிலில், கூரைத் தகட்டில் கை வைக்க முடியாத ஒரு நண்பகலில் அதை ஒட்டினேன். மறுநாள் பின்னேரம் பார்த்தால் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கண்ணீர் வடிந்திருந்தது. சோளகக் காற்று கொண்டுவந்த செம்மண் புழுதி அதில் படிந்து, ஓரமெல்லாம் தடித்து, பிறகு மெல்ல மெல்ல மேலெழும்பிவிட்டது. சீமெந்துச் சுவரில் இந்த ரேப் நன்றாக நிற்கலாம். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அலுமினியத் தகட்டில், அதுவும் வன்னி வெயிலில், அது நிற்காது. கடையில் வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. மூக்கருகே கொண்டுபோனால் தார் வீதி போடும் நாளின் மணம் வரும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பசையைத் தேய்த்தால் துணியில் பழுப்புக் கறை ஏறும்.

இலக்கத்தகடு ஒட்டும் பஞ்சு ரேப்பையும் ஒரு யன்னலில் வைத்துப் பார்த்தேன். அது நீரைத் தடுக்கவில்லை, குடித்தது. புட்டி ரேப் மலிவு, வேலை செய்யவும் இலகு. ஆனால் அதிலுள்ள எண்ணெய் நாளடைவில் வெளியேறிவிட, எஞ்சும் களிமண் வெடிக்கும். மழை இல்லாமல் மாதக்கணக்கில் காயும் எங்கள் ஊரில் அது விரைவாகவே வெடிக்கும் என்று நினைக்கிறேன்.

இறுதியில் பியூற்றைல் ரேப்புக்கு வந்தேன். பியூற்றைல் 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை இறப்பர். காற்றையும் நீராவியையும் மிகக் குறைவாகவே ஊடுருவ விடும் என்பதால் ரயர் ரியூப்புகளை அதனால் செய்கிறார்கள். ரியூப்பில் அதைக் கந்தகம் சேர்த்து அவித்துப் பதப்படுத்தியிருப்பார்கள். ரேப்பில் அவ்வாறு செய்வதில்லை. அதனால் அது காயாமல், இறுகாமல், பல ஆண்டுகள் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. தகடு அசைய அதுவும் கூடவே அசையும். ஆனால் அது பசையன்று. சட்டத்தைப் பிடித்து வைப்பது திருகாணியின் வேலை, இடைவெளியை நிரப்புவது மட்டுமே ரேப்பின் வேலை. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால், கழற்றாமலே மேலால் எதையாவது ஒட்டிச் சமாளிக்கும் எண்ணம் தானாகவே போய்விடும்.

எனக்குப் பொருந்தியது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சாம்பல்நிறச் சுருள். தகட்டில் நெளி உள்ள இடங்களில் பள்ளத்துக்குள் ஒரு துண்டை உருட்டி வைத்து, அதன்மேல் முழு நீளத்தையும் ஓடவிட்டேன். இழுத்து ஒட்டக்கூடாது, இழுத்தால் மெலிந்துவிடும், பிறகு சுருங்கி மூலைகளில் விலகும். யன்னலைச் சுற்றும்போது தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடம் கீழ் விளிம்பில் இருக்கட்டும். ஒவ்வொரு திருகாணியின் கழுத்திலும் பயறளவு பியூற்றைலைச் சுற்றிய பின்னரே முறுக்கினேன்.

முறுக்குவதையும் ஒரே மூச்சில் முடிக்கக்கூடாது. காலையில் பாதியளவு, மறுநாள் நண்பகலில் தகடு சுட்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம், ஒரு கிழமை கழித்து மீண்டும் ஒரு தடவை. சட்டத்தின் இருபுறமும் பியூற்றைல் ஒரே அளவில் பிதுங்கி வந்தால் உள்ளே வெற்றிடம் இல்லை என்று பொருள். பிதுங்கியதை எடுக்க இரும்புக் கத்தி பாவித்தால் தகட்டில் கீறல் விழும். நான் பனை மட்டையின் விளிம்பைச் சீவிப் பாவித்தேன். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் சுரண்டியைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

இவை எல்லாவற்றையும்விட அதிக நாட்களைத் தின்றது நான் பூசிய சிலிக்கனை எடுக்கும் வேலை. சுரண்டிய பின்னரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எஞ்சும்; அதன்மேல் பியூற்றைல் மட்டுமன்று, பெயின்ரும் பிடிக்காது. தகட்டில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: சுத்தமான இடத்தில் நீர் விரிந்து படரும், சிலிக்கன் எஞ்சிய இடத்தில் தாமரை இலையில் போல உருண்டு நிற்கும். உருளாத நிலை வரும்வரை தேய்த்து, பின்னர் பார்மசியில் வாங்கிய ஸ்பிரிற்றால் துடைத்து, அதன் பிறகே ரேப்பை எடுத்தேன்.

மறுமொழி, முல்லைத்தீவு

வணக்கம் அண்ணை. உங்களிடம் கரவன், என்னிடம் மீன் ஏற்றும் பழைய கூலர் லொறியின் அலுமினியப் பெட்டி. ஒழுக்கு இரண்டுக்கும் பொதுவானது. எனது பாட்டனார் வள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்; அதைக் கலப்பத்து என்பார்கள். அந்தப் பூச்சு இறுகினால் வள்ளம் வெடிக்கும் என்று அவர் அடிக்கடி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் பதிவில் புட்டி வெடித்த கதையை வாசித்தபோது அவரது குரல்தான் நினைவுக்கு வந்தது.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி அலுமினியத்தில் உப்பு ஈரத்துடன் சேர்ந்தால் துவாரத்தைச் சுற்றித் தகடு வெள்ளைத் தூளாகிப் பெருக்கும், துவாரம் பெருத்த பிறகு எந்த ரேப்பும் உதவாது. துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியைப் பாவித்து, நீங்கள் சொன்னதுபோலக் கழுத்தில் பியூற்றைல் சுற்றினால் உப்புநீர் அந்தச் சந்திப்புக்குள் போவது பெருமளவு குறையும்.

மேலால் ஒட்டிச் சமாளிக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதில், கூரையின் நடு மூட்டு விடயத்தில் மட்டும் உங்களுடன் முழுமையாக உடன்பட மாட்டேன். சட்டம் எதுவும் இல்லாமல் தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெறும் பியூற்றைல் போதாது. வெயிலைத் தாங்கும் பிளாஸ்ரிக் மேற்படலம் கொண்ட அகலமான கூரை ரேப்பை மேலால் ஒட்டத்தான் வேண்டும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவு, எனது பெட்டி திறந்த வெளியில் நின்றது. விடிந்ததும் உள்ளே ஏறிக் கூரை மூட்டின் கீழ் முழு நீளத்துக்கும் கையால் தடவினேன், காய்ந்தே இருந்தது. ஒரு குறை உண்டு: அந்த ரேப்பை ஒருமுறை ஒட்டினால் தகட்டைச் சிதைக்காமல் கழற்றுவது மிகவும் கடினம். ஆகவே நாளை கழற்ற வேண்டிவரும் என்று தோன்றும் இடத்தில் அதை ஒட்டாதீர்கள்.

மறுமொழி, வவுனியா

நான் அலுமினிய யன்னல் பொருத்தும் வேலைத்தளம் ஒன்றில் கணக்கு எழுதுபவள். பொருள் கொள்வனவும் என் பொறுப்பு. சிலிக்கன் பற்றி அண்ணா எழுதியதுடன் ஒன்று சேர்க்கிறேன். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் அதைப் பாவித்த ஒரு வேலையில், சில மாதங்களிலேயே சிலிக்கன் கோட்டின் ஓரம் முழுவதும் வெண்மையாகப் பூத்துவிட்டது. கரவனின் அடிச்சட்டத்தில் நாகத்தகடு இருந்தால் அந்த வகையை அண்டவிடாதீர்கள்.

பியூற்றைல் வாங்கும்போது சுருளின் வயதைப் பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டுக் கிடந்த சுருளில் பசை தாளோடு இறுகிவிடும். ஓரத்தில் ஒரு விரலளவு உரித்துக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு வேண்டியதைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளிலிருந்து எடுப்பிக்கிறோம்.

முதற் பதிவாளர், மீண்டும்

தம்பிக்கும் தங்கைக்கும் நன்றி. கூரை மூட்டு பற்றித் தம்பி சொன்னது சரி. எனது கரவனின் கூரை ஒரே தகடு என்பதால் நான் அதை யோசிக்கவில்லை.

தாளோடு ஒட்டும் தொல்லை புதிய சுருளிலும் வரும். வெயில் நாளில் பியூற்றைல் பாகுபோல இளகித் தாளை விட மறுத்தது. சுருளை அரை மணி நேரம் குளிரூட்டிப் பெட்டியில் வைத்து எடுத்தால் தாள் சிரமமின்றி உரிந்து வரும். மனைவி அதை இறைச்சி என்று நினைத்துத் தட்டு மாற்றி வைத்தது வேறு கதை.

அளவு கேட்பவர்களுக்கு: இரு பக்கக் கூரை விளிம்புகளும், முன்னும் பின்னும் அவை கீழிறங்கும் பகுதிகளும் சேர்ந்து 13 மீற்றர், ஐந்து யன்னல்களும் 13 மீற்றர், கதவு 5 மீற்றர், காற்றுப்போக்கியும் விளக்குகளும் 2 மீற்றர். ஆக 33 மீற்றர் என்று கணக்கிட்டு, 10 மீற்றர்ச் சுருள் நான்கு வாங்கினேன். நெளிகளுக்கும் மூலைகளுக்கும் இரட்டையாக வைத்ததில் ஐந்தாவது சுருளையும் தொட வேண்டியதாயிற்று.

கடந்த மாரியில் வாடைக்காற்று மழையை முன்பக்கத்தில் சாய்த்து அடித்த இரவுகளில் கதவடியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. ஆனால் முன் யன்னலின் கீழ்மூலையில் இன்னும் ஒரு துளி கசிகிறது. அது சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையிலன்று, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய இறப்பர் விளிம்பிலிருந்து வருகிறது. அதற்கு ரேப் பயன்படாது. அந்த இறப்பரின் குறுக்குவெட்டை அளந்து வைத்திருக்கிறேன். அதே வடிவில் எங்காவது கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.