காயிலோவருக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்

பட்டறைவாசி (கோவை):

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப ஒரு அவசரம். கூட்டாளி ஒருத்தரு பட்டறை வச்சிருக்காருங்க, போலோ, ஸ்விஃப்ட் மாதிரி வண்டிக்கெல்லாம் காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த, திருகி உயரம் மாத்தற செட்டு) மாட்டித் தர்றாங்க. செட்டிபாளையம் காரி டிராக்ல ஓட்டற பசங்களும் வருவாங்க, வீட்டு வண்டிய கொஞ்சம் இறக்கி அழகு பாக்கறவங்களும் வருவாங்க. டப்பாவோட வர்ற காகிதம் இங்கிலீஷ்ல இருக்கு, மாட்டற பசங்களுக்கு அது ஓடறதில்ல. நாலு பக்கத்துக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டாரு.

ஏன் கேட்டாருன்னா, போன மாசம் ஒரு போலோ. முன்னாடி 30 மிமீ இறக்கணும்னாரு வண்டிக்காரரு. இந்த செட்ல ரெண்டு எடத்துல திருகலாமுங்க. கீழ பிராக்கெட்டத் திருகினா வண்டி உயரம் மட்டும் மாறும், ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகாது. மேல ஸ்பிரிங் உக்கார்ற வளையத்தத் திருகினா பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்க முன்னாடியே அமுக்கி வைக்கற அளவு, மாறும். தம்பி மேல இருக்கறத 30 மிமீ இறக்கிட்டான். வண்டி என்னமோ இறங்கிருச்சு, ஆனா ஜாக்கி போட்டுத் தூக்குனா ஸ்பிரிங் லொடலொடன்னு கையிலயே சுத்துது, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கறப்ப டங்குனு சத்தம். அவன் மேல தப்பில்லைங்க, காகிதத்துல ரெண்டுக்குமே வளையம்னுதான் அவனுக்குப் புரிஞ்சிருக்கு.

எனக்கு வேணுங்கறது: காயிலோவர், அந்த ரெண்டு வளையம், பிரீலோடு, ரீபவுண்டு (அமுங்குன ஸ்பிரிங் திரும்ப விரியறத அடக்கற அளவு). நான் போட்டு வச்சிருக்கறது "சுருள்மேல் அதிர்வுதாங்கி". வெள்ளி காலைல அச்சுக்குப் போகுது.

நன்னூலடிமை (தஞ்சாவூர்):

நல்ல முயற்சி தம்பி, ஆனா சுருள்மேல் அதிர்வுதாங்கின்னா சுருளுக்கு மேல தாங்கி உக்காந்திருக்குன்னு ஆகிடும். பரண்மேல் பானைன்னா பானைதானே மேல. நீங்க சொல்றது அதுக்கு நேர்மாறு. அப்புறம் தாங்கிங்கற சொல்லே தப்பான ஆளுக்குக் கொடுத்த பட்டம். பள்ளத்துல விழற அடிய வாங்கிக்கிறது ஸ்பிரிங். வாங்கினத விடாம ஆடிட்டே இருக்குமே, அந்த ஆட்டத்த எண்ணெய்க்குள்ள அடக்குறதுதான் ஷாக் அப்சார்பர். அடக்குறவனுக்குத் தாங்கின்னு பேர் வைக்கலாமா? பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல்ல தடையுறு அலைவுன்னு படிச்சோமே, அந்த வேலை. தணிப்பி சரியா வரும். தணிப்பான் வேண்டாம், ஆன் போட்டா எல்லா இயந்திரத்துக்கும் மீசை முளைச்சிடுது. "வில்லுறை தணிப்பி"ன்னு வைங்க.

கமான்பட்டை (நாமக்கல்):

ஐயா சுருளெல்லாம் எதுக்கு, வில்லுனு பிடிச்சீங்களே அதுதான் சரி. இங்க லாரிக்கு அடியில இருக்குறத கமான் பட்டைங்கறோம். கமான்னா பாரசீகத்துல வில்லு. அதாவது நம்ம பட்டறைக்காரன் ஒருத்தன் எப்பவோ வில்லத்தான் வேற பாஷையில சொல்லி வச்சிருக்கான். அதுக்கும் முன்னாடி வில்வண்டி இருந்துச்சு, பண்ணையாரு வூட்டு மாட்டு வண்டி, அச்சுக்கு மேல வில்லு வச்சு ஆடாம போகும், எங்க பாட்டி அதுலதான் கல்யாணமாகி வந்துச்சு. ஸ்பிரிங்குக்கு வில்லுங்கறது எந்தக் கமிட்டியும் ஒக்காந்து உண்டாக்குனதில்ல, தானா வந்தது.

(அந்த வண்டி இப்பவும் தொழுவத்துல கெடக்கு, வில்லு மட்டும் யாரோ பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க, அது தனிக் கதை.)

வடலி (டொரண்டோ):

கமான்பட்டை அண்ணை சொல்லுறது சரி. நாங்கள் ஊரிலை பள்ளிக்கூடத்திலை விற்றராசு எண்டுதான் படிச்சனாங்கள், ஸ்பிரிங் வைச்ச தராசு. வில் + தராசு, லகரமும் தகரமும் சேர்ந்து ற்ற. ஆரும் சிரிக்கேல்லை, ஆருக்கும் விளங்காமலும் போகேல்லை. அப்பிடிப் பாத்தால் வில் + தணிப்பி விற்றணிப்பி. புணர்ச்சிக்குப் பயந்து ரெண்டு சொல்லாப் பிரிச்சு வைக்கிற பழக்கம் எனக்கு விருப்பமில்லை.

பட்டறைவாசி:

விற்றணிப்பின்னு பட்டறைல சொன்னேனுங்க. "யாருக்கு வித்தாங்க, எவ்வளவுக்குப் போச்சு?"ன்னு கேக்கறாங்க.

அதவிட ஒரு சிக்கல் இருக்குங்க, எல்லாரும் கவனிக்கணும். வில்லுறை தணிப்பின்னா ஸ்பிரிங் சுத்தி இருக்கற தணிப்பி, சரி. ஆனா கம்பெனில இருந்து வர்ற சாதா மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (முன்சக்கரத்துல ஸ்பிரிங்கும் தணிப்பியும் சேந்து வர்ற தூண்) அதேதானுங்க! அதுலயும் ஸ்பிரிங் டாம்பர, அதாவது தணிப்பிய, சுத்தித்தான் இருக்கு. கழட்டி வெளிய போடற பழசுக்கும் மாட்டப்போற புதுசுக்கும் ஒரே பேர் ஆயிருது. இன்னொரு பக்கம், போலோவுக்குப் பின்னாடி ட்விஸ்ட் பீம் (ரெண்டு பின்சக்கரத்தயும் இணைக்கற சட்டம்), அங்க ஸ்பிரிங் தனியா நிக்குது, டாம்பர் தனியா நிக்குது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லவே இல்ல. ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் சேத்து டப்பால காயிலோவர்னுதான் போட்டு வருது. அதாவது இங்கிலீஷ்காரனே சொல்லோட அர்த்தத்த விட்டுப் பல வருசமாச்சு. நாம அந்த அர்த்தத்த மொழிபெயர்த்துட்டு உக்காந்திருக்கோம்.

நன்னூலடிமை:

அருமையான தடை. ஒப்புக்குறேன். அப்போ பழசுல இல்லாதது, புதுசுல இருக்குறது எது? உயரத்த ஏத்தி இறக்கலாம். அப்படின்னா வினைத்தொகை பண்ணுவோம், ஊறுகாய், சுடுசோறு மாதிரி. காலம் கரந்த பெயரெச்சம். நேத்து ஏத்தினாலும் நாளைக்கு இறக்கினாலும் ஒரே பேர் நிக்கும். "ஏறிறங்கு வில்".

பிழைதிருத்தி (சென்னை):

ஐயா மன்னிக்கணும். ஏறிறங்கு தன்வினை. எந்த வில்லும் குழியில விழுந்தா தானாவே ஏறி இறங்கத்தான் செய்யும், கட்டை வண்டி வில்லு உட்பட. ஸ்பேனர் போட்டு ஒருத்தர் ஏத்தி இறக்கணும்னா பிறவினை, "ஏற்றிறக்கு வில்". ஒரு றகரத்துல மொத்த விஷயமும் மாறிப்போகுது, நீங்க போய் இத விடலாமா.

நன்னூலடிமை:

விட்டேன்தான். வயசாகுது. ஏற்றிறக்கு வில். ஆனாலும் எனக்கு இன்னும் ஒரு யோசனை. ஏத்தி இறக்க வழி பண்றது எது? வெளிப்பக்கம் ஓடுற மரை, அந்தத் திருகு வரி. பழைய ஸ்ட்ரட்ல அது கிடையாது, பின்னாடி தனியா நிக்குற ஸ்பிரிங்குக்கும் அடியில மரை போட்ட கட்டைதான் உயரத்தக் கொடுக்குது. ஆக முன்னுக்கும் பின்னுக்கும் பொது மரைதான். "மரைவில்". நாலே எழுத்து!

பிழைதிருத்தி:

மறைவில். றகரம். ஆணிக்குள்ள மறைஞ்சு போறதால மறை.

நன்னூலடிமை:

எங்கிட்ட இருக்குற அகராதியில மரையாணி, ரகரம். மறைஞ்சு போறதால மறைன்னா வாழைப்பழத்துல ஏத்துற ஊசிக்கும் மறைன்னு பேர் வைக்கலாமே. மேலும் உங்க எழுத்துல எழுதினா மறைவில்ங்கறது மறைவு + இல், ஒளிவிடத்துலன்னு படிப்பான். "மறைவில் மாட்டவும்"னு அச்சாச்சுன்னா ஆர்டிஓவுக்குப் பயந்து ஒளிஞ்சு மாட்டச் சொல்றாங்கன்னு நினைப்பான்.

வேகத்தடை (திருப்பூர்):

அது நெஜமாவே பயப்பட வேண்டியதுதான் ஐயா. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கு, கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு. குறிப்புல அதையும் ஒரு வரி போடுங்க ப்ரோ.

மத்தபடி ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காயிலோவர் வாங்குறவன் காயிலோவர்னு கேட்டுத்தான் வாங்குறான், மாட்றவன் காயிலோவர்னு சொல்லித்தான் மாட்றான். ஏற்றிறக்கு வில்லுன்னு கடையில போய்க் கேட்டா எங்கள வில்லுப்பாட்டுக்கு அனுப்பிருவாங்க. பஸ், டயர், பிரேக் எல்லாம் உள்ள வந்துருச்சு, இதுவும் ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போகுது.

நன்னூலடிமை:

இத எதிர்பார்த்தேன். கடன் வாங்குறது தப்பில்ல தம்பி, கடன் மட்டுமே வாங்குனாத்தான் தப்பு. தேருக்கு நம்மகிட்ட பார், ஆர், குறடு, கொடிஞ்சின்னு துண்டு துண்டா பேர் இருந்தது. புறநானூறு 102ல ஔவையார் சேம அச்சுங்கறாங்க, உப்பு வண்டிக்கு அடியில கூடுதலா கட்டி வச்ச அச்சு, இன்னைக்கு ஸ்டெப்னிங்கறோமே அந்தக் கருத்து. அடியில கட்டுன உதிரிக்குக்கூட பேர் வச்ச ஆளுங்க, இந்த வளையத்துக்கு வைக்க முடியாதா?

கமான்பட்டை:

ஐயா அந்த உப்பு விக்கிற உமணரு வண்டியில வில்லு இருந்திருந்தா அச்சு ஒடிஞ்சே இருக்காது, ஔவையாருக்குப் பாட்டும் கெடச்சிருக்காது.

வடலி:

எனக்கு சஸ்பென்ஷனுக்குத் தொங்கல் அமைப்பு எண்ட சொல்லிலையே ஒரு கோபம் இருக்கு. வாகனம் எங்கை தொங்குது? வில்லுக்கு மேலை எல்லோ இருக்குது. வெள்ளைக்காரன் முந்திக் குதிரை வண்டிக் கூட்டைத் தோல் வாரிலை கட்டித் தொங்கவிட்டவன், அதாலை அவனுக்கு அந்தச் சொல் பொருந்தும். எங்கடை வில்வண்டி ஒருநாளும் தொங்கேல்லை.

கமான்பட்டை:

பட்டறையில "வண்டி உக்காந்துருச்சு"ன்னுதான் சொல்வாங்க, ஸ்பிரிங் தளந்து போனா. "நிக்கல, உக்காருது"ன்னு. நிக்குறது, உக்கார்றது, இதுல இருந்து ஒரு சொல்லு எடுக்கலாம்.

பட்டறைவாசி:

ஐயா அண்ணா எல்லாரும் பெரியவங்க, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா இன்னைக்கு புதன்கிழமைங்க. மொத்த சாமானுக்குப் பேர் வைக்கறதுல நாப்பது மடல் போயிருச்சு, தம்பி தப்பு பண்ணுனது அதுல இல்ல. "காயிலோவர்"னு சொன்னா அவனுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வளையத்துலதான் அவன் மாட்டுனான்.

கணக்கும் சொல்லிர்றேன், அப்பத்தான் எந்தச் சொல்லு எதுக்குன்னு புரியும். ஸ்பிரிங் 6 கிலோன்னு எழுதியிருந்தா ஒரு மிமீ அமுக்க 6 கிலோ வேணும். அந்த மூலைல 300 கிலோ எடை உக்காந்தா 50 மிமீ அமுங்கும். பிரீலோடு 5 மிமீ வச்சா வண்டி எடை ஏறறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங் 30 கிலோவோட இறுகி நிக்குது, அவ்வளவுதான். அதனால ஸ்பிரிங் கெட்டியாயிருச்சுன்னு பாதிப்பேரு நம்பறாங்க, ஆகறதில்லீங்க, 6 கிலோ 6 கிலோதான். முன்சுமைன்னு போட்டா டிக்கில சாமான் ஏத்தறதுன்னு நெனச்சுக்கறாங்க. அதனாலதான் கேக்கறேன்.

பிழைதிருத்தி:

முன்னிறுக்கம். சுமையே வேண்டாம். முன்னாடியே இறுக்கி வச்சது.

நன்னூலடிமை:

முன்னிறுக்கம் நல்லா இருக்கு. (ஆச்சரியம், நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறோம்.) ரீபவுண்டுக்கு மீட்சி, அமுங்குறதுக்கு அமுக்கம். தணிப்பிக்கு மேல இருக்குற குமிழத் திருப்பினா டிக் டிக்னு விழுமே அதுக்கு சொடுக்கு. கணினிக்காரங்க எலிக்கு வச்ச சொல், இங்கதான் இன்னும் நல்லாப் பொருந்துது, விரல்லயே தெரியுது.

வேகத்தடை:

மீட்சின்னா யாரோ கடத்திட்டுப் போனவன மீட்ட மாதிரி இருக்கு. "விரிவு" போதுமே? ஸ்பிரிங் விரியுது.

நன்னூலடிமை:

விரியுறது ஸ்பிரிங், அதைத் தணிப்பி தடுக்குற அளவுக்குப் பேர் கேக்குறோம். வேற வேற.

பட்டறைவாசி:

வியாழன் ராத்திரி. பட்டறைக்கே போய் தம்பிகிட்ட ரெண்டு வளையத்தையும் காட்டி, நீ என்னடா சொல்லுவன்னு கேட்டேனுங்க. கீழ பிராக்கெட்ட இறுக்கி நிறுத்தறது "செக்நட்டு"ங்கறான். லேத்துல எல்லாத்துக்கும் அதான் பேரு. மேல இருக்கறதுக்கு "ஸ்பிரிங் தட்டு", அது நகராம இருக்க இன்னொரு செக்நட்டு. சரி, உயரம் மாத்த எதத் திருகுவன்னு கேட்டா, "இப்பத் தெரியுமுங்கண்ணா, காலத்தான்"ங்கறான். கீழ் பிராக்கெட்டுக்குக் கால்னு பேரு வச்சிருக்கான். கால் நீண்டா வண்டி ஒசரம், கால் குறுகினா தாழும், தட்டத் தொடவேண்டாம். எனக்கு அதவிட நல்லதாத் தோணல.

அதனால அச்சுக்குப் போறது இப்படிங்க: அட்டைல காயிலோவர், உள்ள மொதத் தடவ மட்டும் "ஏற்றிறக்கு வில் எனும் காயிலோவர்". கால், வில்தட்டு, செக்நட்டு, முன்னிறுக்கம், அமுக்கம், மீட்சி, சொடுக்கு. கீழ்க்கை (லோயர் ஆர்ம்) ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி தரைல நின்னப்புறம்தான் கடைசியா இறுக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன், தூக்கி வச்சே இறுக்கினா ரப்பர் முறுக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சிருது. அலைன்மென்ட்ட அலைன்மென்ட்டுன்னே விட்டுட்டேன். அதுக்கு மட்டும் யாரும் மடல் போட்டுராதீங்க.

வடலி:

கால் வடிவான சொல். வில்தட்டு எண்டு எழுதினதுதான் வருத்தம், விற்றட்டு எண்டு வரவேணும். எனக்கு விளங்குது, நேரமில்லை.

வேகத்தடை:

அட்டையில காயிலோவர் வந்துச்சுல்ல, அது போதும் எனக்கு.

கமான்பட்டை:

கால், வில்லு, தட்டு. வில்வண்டியே திரும்பி வந்த மாதிரி இருக்கு. ஒரு பிரதி அனுப்புங்க.

பிழைதிருத்தி:

பக்கம் 3ல "மரை தேய்ந்திருந்தால்"னு இருக்கு. அச்சகத்துக்கு இப்பவே போன் பண்ணி றகரமா மாத்துங்க.

நன்னூலடிமை:

தம்பி, போன எடுக்காதீங்க.